இன்னொரு ஸ்வெட்டர் போடட்டுமா, டாக்டர்?

குளிர் மாதங்களில் என் அறைக்கு வரும் பெற்றோர் முதலில் நீட்டிக் காட்டுவது குழந்தையின் கையைத்தான். "தொட்டுப் பாருங்க டாக்டர், ஐஸ் மாதிரி இருக்கு. ராத்திரி பூரா இப்படித்தான். இன்னொரு ஸ்வெட்டர் போடட்டுமா?" கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சட்டைக் காலரை விலக்கிப் பிடரியில் இரண்டு விரலை வைப்பேன். அநேகமாக அங்கே நல்ல கதகதப்பு இருக்கும். சில குழந்தைகளுக்கு வியர்வை பிசுபிசுக்கும். ஸ்வெட்டர் கேட்டு வந்தவர்களிடம் ஒன்றைக் கழற்றச் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும்.

குளிர் தட்டியதும் உடம்பு முதலில் காப்பாற்ற நினைப்பது மூளை, இதயம், வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் ஆகியவற்றைத்தான். அதனால் கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். கை சில்லென்று இருப்பது இந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்கு உள்ளங்கையும் பாதமும் லேசாக நீலம் பாரித்துக்கூட இருக்கும். உதடும் நாக்கும் இளஞ்சிவப்பாக இருக்கும்வரை அதில் பயமில்லை. உதடோ நாக்கோ நீலமாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

ஆக, பார்க்க வேண்டிய இடம் பிடரி, நெஞ்சு, வயிறு. இதிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஈரக்கையால் தொட்டால் எந்தக் குழந்தையும் கொதிப்பதுபோலத்தான் தோன்றும். உங்கள் கையை முதலில் அக்குளில் கொஞ்சம் வைத்துச் சூடாக்கிக்கொண்டு தொடுங்கள். பிடரி கதகதப்பாகவும் உலர்ந்தும் இருந்தால் போட்டிருக்கும் உடுப்பு சரி. ஈரமாகவோ சூடாகவோ இருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். நெஞ்சும் வயிறும் சில்லென்று இருந்தால் மட்டும் ஒன்றைக் கூட்டுங்கள். தூங்கப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, அப்புறம் இரவில் பால் கொடுக்க எழும்போது ஒருமுறை பார்த்தால் போதும். அடிக்கடி தொட்டுத் தொட்டுக் குழந்தையை எழுப்பிவிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

சூடு எங்கே போகிறது

குளிரைக் கண்டு பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. எடையோடு ஒப்பிட்டால், பிறந்த குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. சூடு உண்டாக்கும் உடம்பு சிறிது, சூட்டை இழக்கும் பரப்பு பெரிது. தலை மட்டுமே மொத்தத் தோல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நமக்குக் குளிர்ந்தால் பல் கிட்டி உடம்பு நடுங்கும், அந்த நடுக்கமே சூடு தரும். பச்சைக் குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. பதிலுக்கு, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் சிறுநீரகத்தை ஒட்டியும் பழுப்புக் கொழுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை எரித்துத்தான் சூடு உண்டாக்கிக்கொள்ளும். இந்தக் கொழுப்பு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நன்றாகச் சேர்கிறது. குறைமாதக் குழந்தைகளை நாங்கள் குளிரிலிருந்து அப்படிப் பொத்திப் பாதுகாப்பதற்கு இது முக்கியமான காரணம். எரிப்பதற்கு ஆக்சிஜனும் சர்க்கரையும் செலவாகும் என்பதால், நாள்கணக்கில் குளிரில் கிடக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையலாம். ஒழுங்காகப் பால் குடித்தும் எடை ஏறாமல் போகலாம்.

இதைப் படித்ததும் கம்பளியை எடுக்கப் போகாதீர்கள். சூடு எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தால், பாதி வேலை குழந்தையின் உடம்பில் இல்லை, படுக்கையைச் சுற்றித்தான் இருக்கிறது.

குழந்தையின் படுக்கை எங்கே கிடக்கிறது என்று கேட்டால் பலரும் "சுவரோரம்" என்பார்கள், விழாமல் இருக்கட்டும் என்று. அந்தச் சுவர் வீட்டின் வெளிச்சுவராக இருந்தால் இரவு முழுக்க அது சூட்டை இழுத்துக்கொண்டிருக்கும். குழந்தையின் தோல் சுவரில் படவே வேண்டாம். பக்கத்தில் குளிர்ந்த சுவரோ கண்ணாடி ஜன்னலோ இருந்தாலே, அறைக் காற்று வெதுவெதுப்பாக இருக்கும்போதுகூட உடம்பிலிருந்து சூடு கதிராக வெளியேறும். படுக்கையை உள்சுவர்ப் பக்கம் மாற்றுங்கள், ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். காசு செலவில்லாத வேலை, பலன் ஒரு ஸ்வெட்டரைவிட அதிகம்.

அடுத்தது தரை. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தங்கும். கதவிடுக்கு வழியாக வரும் காற்றும் தரையோடு தரையாகத்தான் ஓடும். கட்டிலில் படுக்கும் நமக்கு அறை பரவாயில்லை என்று தோன்றும் அதே நேரத்தில், தரையில் மெல்லிய விரிப்பில் கிடக்கும் குழந்தைக்கு அடியிலிருந்து குளிர் ஏறிக்கொண்டிருக்கும். மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் இது தீராது. தரையில்தான் படுக்க வேண்டும் என்றால் மெத்தைக்கு அடியில் தடித்த அட்டையோ கனமான பாயோ கம்பளமோ போடுங்கள். குழந்தை படுக்கும் மேற்பரப்பு மட்டும் கெட்டியாகவும் சமமாகவும் இருக்க வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று குழந்தைக்கு நேர் அடியில் தலையணையையோ மடித்த கம்பளியையோ வைத்தால் முகம் புதைந்துவிடும் ஆபத்து உண்டு. மெத்தை நனையாமல் இருக்கப் போடும் ரப்பர் விரிப்பையும் மறந்துவிடாதீர்கள். குழந்தையின் முதுகுக்கும் அதற்கும் நடுவில் மெல்லிய ஒற்றைத் துணி மட்டும் இருந்தால் முதுகு சில்லிட்டுக்கொண்டே இருக்கும். அதன் மேல் கொஞ்சம் கனமான பருத்தி விரிப்பை இழுத்துச் செருகிப் போடுங்கள்.

மூன்றாவது ஈரம். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த உடுப்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் உடுப்பே இல்லாததற்குச் சமம், சில சமயம் அதைவிட மோசம். இரவில் குளிப்பாட்டினால் தலைமுடி முழுக்கக் காய்ந்த பிறகே தூங்க வையுங்கள். கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கெல்லாம் ஒற்றி எடுங்கள். ஜொள்ளு வடிக்கும் வயதில் சட்டையின் நெஞ்சுப் பகுதி நனைந்து கிடக்கும். படுக்கப் போகுமுன் சட்டையை மாற்றுங்கள். டயப்பரின் ஓரம் கசிந்து உடுப்பு நனைந்திருக்கிறதா என்று தொடை மடிப்புப் பக்கம் விரலை விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

அறை எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்

உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுச் சூழல் வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் 18 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்கிறது. கைக்குழந்தை தூங்கும் அறைக்கு பிரிட்டனில் பரவலாகச் சொல்லப்படும் அளவு 16 முதல் 20 டிகிரி. பெற்றோர் பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 18 டிகிரி என்பது மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு லேசாகக் குளிரும் அளவு. சரியான உடுப்போடு இருக்கும் குழந்தைக்கு அது போதும். அறை அடுப்படிபோல் இருக்க வேண்டியதில்லை.

அறை வெப்பமானி ஒன்று வாங்குங்கள். சுவரில் உயரத்தில் மாட்டாமல் குழந்தை படுக்கும் உயரத்தில், ஹீட்டருக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரே அறையில் தலைக்கு மேல் ஒரு கணக்கு, தரையருகே வேறு கணக்கு காட்டும்.

வீடு 12, 13 டிகிரிக்கு இறங்குகிறது, முழுவதையும் சூடாக்க வசதி இல்லை என்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஓர் அறையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். குடும்பமே அந்த அறையில் தூங்கட்டும். சிறிய அறையாக, வெளிச்சுவர் குறைவாக உள்ளதாகப் பாருங்கள். பொழுது சாய்வதற்கு முன்பே கனமான திரையை இழுத்துவிடுங்கள், கதவின் அடியில் இருக்கும் இடுக்கைத் துணி சுருட்டி அடையுங்கள். மின் ஹீட்டரைத் தூங்கப் போவதற்கு முன்பே போட்டு அறையைச் சூடாக்கி வைத்துக்கொள்ளலாம். இரவு முழுக்க ஓட வேண்டும் என்றால், சூட்டுக் கட்டுப்பாடு உள்ள, எண்ணெய் நிரப்பிய வகை பரவாயில்லை. கம்பி சிவந்து தெரியும் வகையைக் குழந்தை இருக்கும் அறையில் தூங்கும் நேரத்தில் வைக்காதீர்கள். எதுவானாலும் படுக்கை, திரை, துணி எல்லாவற்றிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நீட்டிப்பு வயரில் செருகாமல் நேராகச் சுவர் இணைப்பில் செருகுங்கள். காற்று குழந்தையின் முகத்துக்கு நேராக அடிக்கக் கூடாது. சட்டை காயட்டும் என்று ஹீட்டர் மேலேயே போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தீப்பிடிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

அளவுக்கு மீறிய சூடு

ஒரு காலையில் பாட்டியும் அம்மாவுமாக இரண்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு கொதிக்கிறது என்றார்கள். மேசையில் கிடத்திப் பிரிக்கத் தொடங்கினேன். வெளியே ஒரு கம்பளி, அதற்குள் இன்னொரு போர்வை. தலையில் கம்பளித் தொப்பி, தொப்பிக்குள் காதைச் சுற்றிக் கட்டிய துணி. இரண்டு ஸ்வெட்டர், முழுக்கைச் சட்டை, கைக்கு உறை, காலுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக சாக்ஸ். கடைசியில் இருந்த பனியன் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கழுத்து மடிப்பு முழுக்க வேர்க்குரு. அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 37.9 காட்டியது. ஒற்றை உடுப்போடு அம்மாவின் மடியில் விட்டு அரை மணி கழித்துப் பார்த்தால் 37.2. குழந்தை கண்ணை விழித்துப் பால் தேட ஆரம்பித்திருந்தது. பாட்டி சொன்னார்: "ராத்திரி நல்லா அசந்து தூங்குச்சு டாக்டர். ஒரு சத்தம் இல்ல."

எனக்குக் கவலை தந்தது அந்த அசந்த தூக்கம்தான். அளவுக்கு மீறிச் சூடான குழந்தை சுலபத்தில் விழிக்காது. மூச்சுக்கு இடைஞ்சல் வந்தால் தலையைத் திருப்பி, சிணுங்கி, விழித்துக்கொள்ளும் திறன்தான் கைக்குழந்தையின் தற்காப்பு, அது மங்கிப்போகும். தூக்கத்திலேயே காரணம் தெரியாமல் நேரும் திடீர்ச் சிசு மரணத்துக்கு அதிகச் சூடு ஒரு முக்கியமான ஆபத்துக் காரணி. அந்த மரணங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் முதல் ஆறு மாதத்துக்குள் நடப்பவை, அதிலும் ஒன்று முதல் நான்கு மாதம் வரைதான் உச்சம். குளிர்காலத்தில் இவை கூடுதலாக நடந்துவந்ததற்கு, வீட்டார் அன்போடு போட்டு மூடிய உடுப்பும் போர்வையும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். குப்புறப் படுக்க வைக்காதீர்கள், மல்லாக்கப் போடுங்கள் என்ற பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் தொடங்கியது. அதற்குப் பின் இந்த மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. மல்லாக்கப் படுத்திருக்கும்போது முகம் திறந்திருக்கும், உடம்பின் அதிகச் சூடு முகத்தின் வழியாகவும் தலையின் வழியாகவும் போய்விடும். அதே முகத்தையும் தலையையும் நாம் மூடிவிட்டால் போக வழியில்லை.

அதனால்தான் வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம் என்கிறோம். பிறந்த முதல் சில மணி நேரம், குறைமாதக் குழந்தைக்கு மருத்துவமனையில் போடுவது ஆகியவை வேறு. வெளியே போகும்போது தாராளமாகப் போடுங்கள். உள்ளே வந்ததும், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாலும், கழற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் வீட்டுப் பெரியவர்களோடு எனக்கு நடக்கும் வாக்குவாதம் எந்தக் குளிர்காலத்திலும் ஓய்ந்ததில்லை. "காதுல காத்து போயிடும்" என்பார்கள். காதுக்குள் காற்று போய் எந்த நோயும் வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. துணியைக் குறைத்ததும் சூடு இறங்கியது என்ற மேலே சொன்ன கதையை வைத்துக்கொண்டு காய்ச்சலை வீட்டில் தீர்மானிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி அல்லது அதற்கு மேல் என்றால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உடுப்பைக் குறைத்துவிட்டுக் கிளம்புங்கள். குறைகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டாம்.

என்ன போடுவது

நமக்கு அந்த அறையில் எத்தனை அடுக்கு தேவையோ, அதற்கு மேல் ஒன்று. இந்தக் கணக்கு பெரும்பாலான இரவுகளுக்குச் சரியாக வரும். தோலை ஒட்டி உடம்போடு பொருந்தும் பருத்திப் பனியன், அதன் மேல் கால் பாதம்வரை மூடும் முழு உடுப்பு, அதற்கும் மேல் கைக்குழந்தைக்கான ஸ்லீப்பிங் பேக். ஒரே தடித்த உடுப்பைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்துவைக்கிறது, தேவைப்பட்டால் ஒன்றைக் கழற்றவும் முடியும். தோலோடு ஒட்டும் அடுக்கு செயற்கை இழையாக இருந்தால் வியர்வை வெளியே போகாமல் அங்கேயே தங்கி, பின்னிரவில் அதுவே குளிரும்.

ஸ்லீப்பிங் பேக் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கை வெளியே இருக்கும், உடம்பும் காலும் உள்ளே இருக்கும், உதைத்தாலும் விலகாது, முகத்துக்கு ஏறாது. குளிரும் வீட்டில் கைக்குழந்தைக்கு நான் ஒன்றே ஒன்று வாங்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். அது எவ்வளவு கதகதப்பு தரும் என்பதை 'டாக்' (tog) என்ற அளவில் சொல்வார்கள், சீட்டில் அச்சிட்டிருக்கும். 16 முதல் 20 டிகிரி அறைக்கு 2.5 டாக், அதைவிடச் சூடான அறைக்கு 1 டாக் என்பது வழக்கமான பரிந்துரை. வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது மட்டும் கூடாது. கழுத்து ஓட்டை பெரிதாக இருந்தால் குழந்தை உள்ளே வழுக்கிப்போய்விடும். பள்ளிச் சீருடை வாங்கும் கணக்கு இங்கே உதவாது. கனம் ஏற்றிய பேக், கனம் ஏற்றிய போர்வை என்று விற்பவற்றைக் கைக்குழந்தைக்கு வாங்கவே வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்புப் பரிந்துரையிலும் அப்படித்தான் சொல்கிறது.

ஸ்லீப்பிங் பேக் கிடைக்காவிட்டால்? ஒரு வயதுக்குள் தளர்வான போர்வையே இல்லாமல் உடுப்பை ஓர் அடுக்கு கூட்டிச் சமாளிப்பது சிறந்தது. வேறு வழியில்லை என்றால் மெல்லிய போர்வையாக எடுங்கள். குழந்தையின் பாதம் தொட்டிலின் கால்பக்கத்தைத் தொடும்படி கீழே தள்ளிப் படுக்க வையுங்கள், போர்வை அக்குளுக்கு மேல் ஏறாமல், மூன்று பக்கமும் மெத்தைக்கடியில் செருகி இறுக்குங்கள். அப்போது உள்ளே நழுவ இடமிருக்காது.

துணியில் சுற்றிவைப்பது பலருக்குக் கைவந்த கலை. மெல்லிய துணியாக, நெஞ்சுப் பகுதியில் இரண்டு விரல் போகும் அளவு தளர்வாக, இடுப்பும் தொடையும் மடங்கி விரிய இடம் விட்டுச் சுற்றினால் தப்பில்லை. கால்களை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு விலகும் வாய்ப்பு கூடும். சுற்றிய துணியும் ஓர் அடுக்கு என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். புரள முயற்சி செய்ய ஆரம்பித்ததும் சுற்றுவதை விட்டுவிட வேண்டும். கை கட்டுண்டு குப்புற விழுந்த குழந்தையால் திரும்ப முடியாது.

கை உறையை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். பிரிந்த நூல் விரலைச் சுற்றி இறுகி, விரல் வீங்கி வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். சாக்ஸுக்கும் இதே. கழுத்தருகே நாடா, கயிறு, மஃப்ளர் எதுவும் தூங்கும்போது வேண்டாம்.

ஒரே படுக்கையில்

குளிர் அடிக்கும் வீட்டில் குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு தூங்குவது மனித இயல்பு. நான் அதைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. அறிவுரை, ஒரே அறை, தனிப் படுக்கை என்பதுதான். முதல் ஆறு மாதமாவது அப்படி. ஆனால் மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டே கண் அசந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால், அப்படி நடந்தால் ஆபத்து குறைவாக இருக்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். குழந்தை பக்கம் தலையணையும் கனத்த போர்வையும் வராமல் வையுங்கள். பெரியவர்களின் போர்வை ஆபத்தானது. உங்கள் உடம்புச் சூடும் சேர்ந்து அதற்குள் குழந்தைக்கு எவ்வளவு சூடாகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தடித்த ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போர்வையை இடுப்புவரை மட்டும் இழுத்துக்கொள்ளலாம். புகைபிடிப்பவர், மது அருந்தியவர், தூக்கம் தரும் மாத்திரை எடுத்தவர் அந்தப் படுக்கையில் இருக்கக் கூடாது. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் ஒரே படுக்கை வேண்டவே வேண்டாம். சோஃபாவிலோ சாய்வு நாற்காலியிலோ குழந்தையோடு தூங்கிவிடுவது எல்லாவற்றிலும் ஆபத்தானது. தூக்கம் வருவதுபோல் இருந்தால் சோஃபாவைவிடக் கட்டிலில் உட்கார்ந்து பால் கொடுப்பது மேல்.

நீங்கள் விழித்திருக்கும்போது நெஞ்சோடு நெஞ்சாக வெறும் தோலில் வைத்துக்கொள்வது நல்ல சூடு. 1978-இல் கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவமனையில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குறைமாதக் குழந்தைகளை இப்படித் தாயின் நெஞ்சில் கட்டி வைக்கத் தொடங்கினார். போதுமான இன்குபேட்டர்கள் அங்கே இல்லை. கங்காரு முறை என்று இன்று உலகம் முழுக்கச் செய்வது அதைத்தான்.

நெருப்பும் வெந்நீரும்

படுக்கையைச் சூடாக்க வெந்நீர்ப் பை நல்ல சாதனம், குழந்தை படுக்கையில் இல்லாதவரை. கால் மணி முன்பே மெத்தையில் வைத்து, எடுத்துவிட்டு, விரிப்பை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தால் தொட்டுப் பார்த்து, அப்புறம் கிடத்துங்கள். துணி சுற்றிக் காலடியில் வைத்தால் என்ன என்பார்கள். 44 டிகிரி என்பது தொட்ட உடனே சுட்டுவிடும் சூடு இல்லை. அதே 44 டிகிரி தோலின் ஒரே இடத்தில் சுமார் ஆறு மணி நேரம் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும் என்று 1947-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். சின்னக் குழந்தையின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, காலை நகர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. மின்சாரப் போர்வைக்கும் இதே காரணம்தான்.

அடுத்து கரி. கரிச்சட்டியோ கணப்போ உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்கிய குடும்பம் காலையில் எழவில்லை என்ற செய்தி குளிர்காலம்தோறும் எங்கோ ஓரிடத்திலிருந்து வருகிறது. "புகையே இல்லையே, நல்லாக் கனிஞ்ச கரிதானே" என்பதுதான் இதில் ஏமாற்றும் வாதம். கனிந்து சிவந்த கரியிலிருந்து புகை வராது, கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். குழந்தை நம்மைவிட வேகமாக மூச்சு விடுவதால் அதற்குத்தான் முதலில் ஏறும். மண்ணெண்ணெய் அடுப்பு, புகைபோக்கி இல்லாத எரிவாயு ஹீட்டர், சமையல் அடுப்பைக் கொளுத்திவைத்து அறையைச் சூடாக்குவது எல்லாம் இதே வகை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். கரிக்கு அது போதாது. வீட்டில் எரியும் அடுப்போ ஹீட்டரோ எதுவானாலும் இருந்தால் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு.

காலையில் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிறது, உள்ளே வந்தால் திரும்புகிறது என்றால் அது ஜலதோஷமோ அஜீரணமோ இல்லை. குழந்தைக்குத் தலைவலி சொல்லத் தெரியாது. சிடுசிடுப்பு, வாந்தி, வழக்கத்துக்கு மாறான மந்தம், இவைதான் தெரியும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள், உதவிக்கு வெளியிலிருந்து அழையுங்கள்.

நடக்கும் வயதுப் பிள்ளைகள்

ஒரு வயது தாண்டியதும் கட்டுப்பாடு தளர்கிறது. மெல்லிய, சிறிய போர்வை கொடுக்கலாம். கொடுத்தும் பயனில்லை என்பது வேறு. பத்து நிமிடத்தில் உதைத்துத் தள்ளியிருக்கும். போர்த்திப் போர்த்திக் களைத்துப்போவதைவிட, போர்வையே இல்லை என்று வைத்துக்கொண்டு உடுப்பைத் தீர்மானியுங்கள். மேல்சட்டையை கால்சட்டைக்குள் செருகி, முதுகும் வயிறும் வெளியே தெரியாமல் போட்டு, கணுக்காலைப் பிடிக்கும் சாக்ஸ் போட்டால் போர்வை எங்கே போனாலும் கவலையில்லை. நடக்கும் பிள்ளைகளுக்குக் கால் வெளியே வரும் ஸ்லீப்பிங் பேக்கும் இருக்கிறது.

விடியலுக்கு முந்தைய நேரம்தான் சிக்கலானது. உடம்பின் இயல்பான சூடு அந்த நேரத்தில்தான் நாளிலேயே குறைவு. வீடும் அப்போதுதான் மிகவும் குளிர்ந்திருக்கும், டயப்பரும் நிரம்பியிருக்கும். நாலு மணிக்கு அழுது எழும் பிள்ளைக்குப் பசி என்று நினைத்துப் பால் கொடுப்பதற்கு முன் டயப்பரையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். எப்போதும் அந்த நேரத்தில்தான் எழுகிறது என்றால், இரவு உடுப்பில் மெல்லிய அடுக்கு ஒன்றைக் கூட்டிப் பார்க்கலாம். நீங்கள் தூங்கப் போகும்போது டயப்பரை மாற்றிவிடுவதும் உதவும்.

சளியைப் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. சளி வைரஸால் வருவது, குளிர்ந்த காற்றால் வருவதில்லை. சளி வைரஸ்களில் முக்கியமானவை உடம்பின் உள்சூட்டைவிடக் குறைந்த, 33 டிகிரியை ஒட்டிய மூக்குச் சூட்டில் நன்றாகப் பெருகும் என்பது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், குளிர்காலத்தில் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே காற்றை மூச்சு விடுவதுதான். பகலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். ஈரத்துணியை அந்த அறையில் உலர்த்தாதீர்கள். சுவரில் கரும்புள்ளியாகப் படரும் பூஞ்சை குழந்தையின் மூச்சுக்குக் குளிரைவிடக் கெடுதல். கற்பூரமும் மெந்தாலும் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குள் தடவவே வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும்.

எப்போது பயப்பட வேண்டும்

அக்குளில் 36.5 முதல் 37.5 டிகிரி வரை சரியான அளவு. 36.5-க்குக் கீழே இறங்கினால் குழந்தை குளிர்ந்துவிட்டது என்று பொருள். 36-க்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. தெர்மாமீட்டர் கையில் இல்லாவிட்டால், நெஞ்சும் வயிறும் சில்லென்று இருப்பது, பால் குடிக்க மறுப்பது, அழுகை பலவீனமாவது, கை கால் தளர்ந்து துவண்டு கிடப்பது ஆகியவற்றைப் பாருங்கள். முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. நன்றாகக் குளிர்ந்துபோன குழந்தையின் கன்னம் சிவந்து ஆரோக்கியமாகக்கூடத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் கூடாது. பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் சூடு காரணமில்லாமல் இறங்கினால் கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். சின்னக் குழந்தைக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை.

முதலில் ஈர உடுப்பு முழுவதையும் கழற்றிவிட்டு, டயப்பரோடு உங்கள் வெறும் நெஞ்சில் வைத்து, மேலே உங்கள் சட்டையையும் போர்வையையும் போர்த்திக்கொள்ளுங்கள். இந்த நேரத்தில் மட்டும் தலைக்குத் தொப்பி போடலாம், முகம் திறந்திருக்கட்டும். விழித்திருந்து விழுங்க முடிந்தால் பால் கொடுங்கள். வெந்நீரில் குளிப்பாட்டுவது, கை காலை அழுத்தித் தேய்ப்பது, வெந்நீர்ப் பையை உடம்பில் வைப்பது எதுவும் வேண்டாம். துவண்டு கிடந்தாலோ 36-க்குக் கீழே இருந்தாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள், வரும்வரை நெஞ்சிலிருந்து இறக்காதீர்கள். அரை மணியில் சூடு ஏறாவிட்டாலும் கிளம்ப வேண்டியதுதான்.

உங்கள் காரில் குழந்தை இருக்கையில் வைத்துக் கொண்டுபோவதாக இருந்தால், தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு முதலில் பட்டையை இறுக்குங்கள், பிறகு அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள். ஜாக்கெட்டோடு பட்டை போட்டால் இறுகியதுபோலத் தெரியும். மோதலில் ஜாக்கெட் அமுங்கிக் குழந்தை பட்டையிலிருந்து நழுவிவிடும்.